தீர்மான நோட்டும் நியூஸ் கார்டும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வேலை வந்துவிடும். ஒன்று, சாயங்காலமானால் வானத்தைப் பார்ப்பது. இன்னொன்று, ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஒரு நியூஸ் கார்டு தயார் செய்து வாட்ஸ்அப்பில் விடுவது. போன வருஷத்துக் கார்டை எடுத்துத் தேதியை மாற்றி, மூலையில் ஏதாவது ஒரு டிவி சேனலின் லோகோ தெரியும்படி பார்த்துக்கொண்டால் போதும். இரவு எட்டு மணிக்குள் ஊரில் உள்ள எல்லா அம்மாக்களின் போனுக்கும் அது வந்து சேர்ந்துவிடும். மறுநாள் காலையில் வகுப்பில் பாதி பெஞ்சு காலி.

ஒரு முறை அப்படி வந்த கார்டை எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் பொய் என்று சொல்லிவிட்டாள். எழுத்து வடிவத்தையோ லோகோவையோ அவள் ஆராயவில்லை. “இதுல போட்டிருக்கிற கலெக்டர் மாறிப் போய்ட்டாருக்கா, இப்ப வேற கலெக்டர்” என்றாள், அவ்வளவுதான். மழைக்கு விடுமுறை விடுகிற அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அந்த நாற்காலியில் யார் என்பதும் தெரிந்திருந்தது. பக்கத்தில் இருந்த பையன்கள் போன் விஷயத்தில் அவளைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர்கள். அவர்கள்தான் ஏமாந்துபோனார்கள்.

இளைய தலைமுறைக்கு டிஜிட்டல் குடிமை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். பாஸ்வேர்டைப் பத்திரமாக வை, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் என் கட்சி கொஞ்சம் வேறு. எந்த அலுவலகத்துக்கு என்ன அதிகாரம், எந்த ஆணையில் யார் கையெழுத்துப் போட வேண்டும், மனு கொடுத்தால் எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்று தெரியாத பிள்ளைக்கு, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க எத்தனை ஆப் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. குடிமையியலும் டிஜிட்டல் பாடமும் ஒரே பாடம். நாம் அதை இரண்டாக்கி, ஒன்றைப் பரீட்சைக்கும் மற்றதைப் பயமுறுத்துவதற்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் ஆசிரியை இல்லை. செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். (2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிற குழுதான். முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் என்னை மாதிரி ஆட்களுக்கும் அங்கே நாற்காலி கிடைத்தது.) சனிக்கிழமை சாயங்காலங்களில் ஊர்ப்புற நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் பேப்பரில் இருந்து பேச்சு ஊருக்குத் திரும்பியது.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். குடிமையியலில் ஐந்து பாடம்: இந்திய அரசியலமைப்பு, நடுவண் அரசு, மாநில அரசு, வெளியுறவுக் கொள்கை, சர்வதேச உறவுகள். பொதுத்தேர்வுக்குப் போகிற பிள்ளை பஞ்சசீலக் கொள்கை ஐந்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று கேட்டால் விழிக்கும். ஊராட்சி பற்றிய பாடம் ஆறாம் வகுப்பில் ஒரு முறை, ஒன்பதாம் வகுப்பில் ஒரு முறை வந்துவிட்டுப் போய்விட்டது. பாடம் மோசம் என்று சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஊராட்சி மன்ற அலுவலகத்தைப் பற்றிய பாடத்தை, அந்த அலுவலகத்தின் படி ஏறாமலே படித்து முடித்துவிடலாம் என்பதுதான் வேடிக்கை.

இந்தப் பாடத்துக்கு எங்கள் மாநிலத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. புத்தகத்தில் தலைவர் இருப்பார், ஊரில் இருக்க மாட்டார். 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். அதுவும் 27 மாவட்டங்களில். மீதி ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. எங்கள் திருவண்ணாமலை மாவட்டம் முதல் பட்டியலில் இருந்தது. அந்த ஐந்து வருஷமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தேர்ந்தெடுத்த தலைவர்களின் இடத்தில் மறுபடி தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகள் வந்தார்கள். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை நூலகத்தில் படித்துக் காட்டியபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “தலைவர் தப்பு பண்ணா அடுத்த தடவை ஓட்டு போட மாட்டோம்னு சொல்லலாம். ஆபீசர்கிட்ட என்னன்னுக்கா சொல்றது?” ஐந்து மார்க் வினாவில் இந்தக் கேள்வி வராது.

சரி, தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று முன்பு நான்கு. 2022-ல் இருந்து மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் சேர்ந்து ஆறு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள். பிள்ளைகளுக்கு அங்கே குரல் கிடையாது. வந்து உட்காரக் கூடாது என்று யாரும் சொல்வதும் இல்லை. அதனால் பெரிய பிள்ளைகளை வரச் சொல்வேன். ஒரே ஒரு வேலை: யார் என்ன பேசினார்கள் என்று, பேசினபடியே நோட்டில் எழுத வேண்டும்.

முதலில் அலுத்துக்கொண்டார்கள். பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க வருகிற அரசு அலுவலர்) அரசுத் திட்டங்களின் பட்டியலை வாசிக்கிற வரைக்கும் யாருக்கும் சுவாரசியம் இல்லை. அப்புறம் வடக்குத் தெரு அம்மா ஒருவர் எழுந்து, நான்கு நாளாக டேங்க் தண்ணீர் வரவில்லை, வால்வு போய்விட்டது, சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்று சத்தம் போட்டார். பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து தீர்மான நோட்டைப் பார்த்தால், ‘ஊராட்சியில் குடிநீர் வசதியை மேம்படுத்துவது எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. தெருவும் இல்லை, நாளும் இல்லை, வால்வும் இல்லை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். “சார், அவங்க வடக்குத் தெருன்னு சொன்னாங்க சார், நாலு நாள்னு சொன்னாங்க.” கிளர்க் முகத்தைச் சுளித்தாலும் அடித்தல் போடாமல் பக்கத்திலேயே தெருப் பெயரையும் வால்வையும் சேர்த்து எழுதினார். நல்ல மனுஷன். யாராவது கேட்டால் எழுதுவார். யாரும் கேட்பதில்லை.

அந்த ஒரு வரியில் நடந்த மாற்றத்தைப் பற்றி மட்டும் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசினோம். பேச்சு ஆவணமாக மாறும்போது என்னென்ன உதிர்கிறது? தெரு உதிர்ந்தால் அடுத்த கூட்டத்தில் அந்த அம்மா எதைக் காட்டிக் கேட்பார்? பேசியவரின் பெயர் போனால் என்ன ஆகும், தேதி போனால் என்ன ஆகும்? போனில் வருகிற ஒரு வீடியோவைப் பார்த்து நாம் கேட்க வேண்டியதும் இதே கேள்விகள்தான். எங்கே எடுத்தது, எப்போது, யார் சொல்கிறார்கள், முன்னும் பின்னும் எதை வெட்டிவிட்டார்கள்? தீர்மான நோட்டில் இந்தக் கண் திறந்த பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கவில்லை.

வெட்டிய வீடியோ என்றதும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு 2018 ஞாபகம் வந்துவிடும். அந்த வருஷம் இந்தியா முழுக்கப் பரவிய ஒரு வீடியோவில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிப் போன குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவதோடு அது முடியும். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ‘வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது’ என்று ஆடியோக்களும் சுற்றின. மே மாதம் போளூர் அருகே, குலதெய்வம் கோவிலுக்குப் போகச் சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார்கள் என்பதற்காகக் கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அடுத்த சில மாதங்களில் ஒரு செய்தியை ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. கம்பெனி செய்யக்கூடியது அதுதான். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போலீசுக்கும் போன் பண்ண வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக்கூட ஏன் தோன்றவில்லை என்பது நாம் கேட்க வேண்டியது. தோன்றியிருந்தாலும் அவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்ததா என்பது அதற்கும் அடுத்த கேள்வி.

அதற்கு முந்தின வருஷம் பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒன்பது மாதக் குழந்தையில் இருந்து 15 வயது வரைக்கும், பள்ளிக்கூடங்களிலேயே போட்டார்கள். ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று பார்வர்டு சுற்றியதில், தமிழ்நாட்டில் எத்தனையோ பெற்றோர் முகாம் அன்றைக்குப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். கேரளத்திலும் இதே தடுப்பூசிக்கு இதே வதந்தி வந்தது. அங்கே கண்ணூர் மாவட்ட ஆட்சியராக இருந்த மிர் முகம்மது அலி, அதில் இருந்து பாடம் படித்து, 2018-ல் அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் வகுப்புகளைத் தொடங்கினார். ‘சத்யமேவ ஜயதே’ என்று பெயர். 2023 மார்ச்சில் திருப்பூர், கோவைப் பக்கம் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வேறு எங்கோ நடந்த பழைய சண்டை வீடியோக்களைப் பரப்பியபோது, பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரிக்க வேண்டியிருந்தது. தமிழர்கள் ஏமாறவும் செய்வோம், நம்மைப் பற்றிய பொய்யில் மற்றவர்கள் ஏமாறவும் செய்வார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அது நல்ல உதாரணம்.

இந்தப் பேச்சில் பெரியவர்களுக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. பிள்ளைகள்தான் போனில் கெட்டுப்போகிறார்கள், அவர்களுக்குத்தான் பாடம் வேண்டும் என்று. நான் பார்த்தவரை குடும்பக் குரூப்பில் கண்டதையும் பார்வர்டு செய்கிறவர்கள் ரிட்டயர் ஆனவர்கள். அது பொய் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. ஆனால் அனுப்பியவர் பெரியப்பா. இருபது உறவினர் பார்க்கிற குரூப்பில் பெரியப்பாவைப் பொய்யர் ஆக்க முடியுமா? எந்தப் பாடத்திட்டத்திலும் இதற்கு விடை இல்லை. பிள்ளைகளே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தி தனி மெசேஜில், “பெரியப்பா, இது உங்களுக்கு யாரு அனுப்புனாங்க? அவங்களுக்குச் சொல்லிடுங்க, இது 2016-லயே வந்த பழைய படம்” என்று எழுதுவாளாம். பழி முன்னால் அனுப்பியவர் மேல் போய்விடுகிறது. பெரியப்பாவின் மரியாதையும் மிச்சம். இன்னொருவன் தாத்தாவின் போனை வாங்கி, மெசேஜ் மேலே இருக்கிற இரட்டை அம்புக்குறியைக் காட்டி, “இது பல கை மாறி வந்தது தாத்தா” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். தாத்தா இப்போது அம்புக்குறி பார்க்கிறார். பார்த்துவிட்டு எப்போதும் போல அனுப்பவும் செய்கிறார் என்பது வேறு விஷயம்.

பள்ளியில் நடக்கிற சைபர் விழிப்புணர்வுக் கூட்டங்களைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. பேச வருகிறவர்கள் பெண் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். போட்டோ போடாதே, டி.பி. வைக்காதே, அப்பா அம்மாவுக்குத் தலைகுனிவு. பின் பெஞ்சில் பையன்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். போட்டோவை மார்பிங் செய்கிறவன் குற்றவாளி, அவன் இந்தப் பெஞ்சில்கூட இருக்கலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. பணம் போனால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்கிறார்கள், நல்லது. மானம் போனதாகப் பயமுறுத்தினால் அதுவும் புகார்தான், மறைக்க வேண்டியது அல்ல என்று அதே குரலில் சொன்னால் எத்தனையோ பெண்கள் தூங்குவார்கள்.

இன்னும் கடினமானது சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறைக் கேட்டில் அவிழ்த்துவிடலாம். ஸ்டேட்டஸில் இருக்கிற கயிறை யார் அவிழ்ப்பது? சாதித் தலைவர் படம், அதற்கேற்ற கலர், பின்னால் ஒரு பாட்டு என்று ரீல்ஸ் வந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பேச்சை எடுத்தால் நூலகத்தில் சத்தம் அடங்கிவிடும். பிள்ளைகள் ஊர்த்தெரு, காலனி என்று தனித்தனியாக உட்கார்ந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். உபதேசம் இங்கே எடுபடாது. நான் ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிடுவேன்: இந்த வீடியோவை முதலில் உங்களுக்கு அனுப்பியது யார், அவருக்கு என்ன வயசு? யோசித்தால் அநேகமாக ஒரு அண்ணன் வருவார். முப்பது வயசு இருக்கும், பேனரில் கடைசி வரிசையில் பெயர் இருக்கும், அடுத்த தேர்தலில் சீட்டு எதிர்பார்ப்பார். கேஸ் வந்தால் கோர்ட்டுக்கு அலையப் போவது யார் என்பதைப் பையன்களே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

பள்ளிக்குள்ளேயே ஜனநாயகத்தைப் பழக்க இடம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் முதலில் பார்க்கிற பதவி வகுப்புத் தலைவன் பதவி. சார் வெளியே போனதும் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் அவன் உத்தியோகம். வேண்டியவன் பேசினால் பெயர் வராது, வேண்டாதவன் இருமினாலும் வரும். பெரும்பாலும் மார்க் வைத்தோ உயரம் வைத்தோ டீச்சரே நியமித்துவிடுவார். இப்போது அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை பெயரில் மாணவர் குழுக்கள் வந்திருக்கின்றன. எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஊர், தெரு, சாதி எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு ஐந்தாகப் பிரிக்க நல்ல சந்தர்ப்பம். அந்தக் குழுக்களின் தலைவர்களுக்குப் பெயர் எழுதுவதைத் தவிர வேறு வேலை கொடுத்தால் உருப்படும். உதாரணத்துக்கு, கழிப்பறைத் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று கேட்டு வந்து வகுப்பில் சொல்வது.

ஓட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும். 17 வயது முடிந்தாலே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்துவிடலாம். 18 வயது முடிந்ததா என்று பார்க்கிற தகுதி நாளாக முன்பு ஜனவரி 1 மட்டும் இருந்தது. இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்துவிட்டன. பிளஸ் டூ வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

தகவல் உரிமைச் சட்டத்துக்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கிறேன். இதற்கென்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். மத்திய அரசின் சட்டம் 2005-ல் வந்தது. பிள்ளைகளுக்கு நான் சொல்கிற கதை லக்னோவில் நடந்தது. 2012-ல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, காந்திக்குத் ‘தேசத் தந்தை’ பட்டம் கொடுத்த ஆணையின் நகல் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டாள். பிரதமர் அலுவலகம் உள்துறைக்கு அனுப்ப, உள்துறை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப, கடைசியில் அப்படி ஒரு ஆவணமே இல்லை என்று பதில் வந்தது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் ஆணை என்று ஒன்று கிடையாது. காந்தியின் பெருமை அதனால் ஒரு சிட்டிகையும் குறையவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் வேறு, ஆவணத்தில் இருக்கிற விஷயம் வேறு என்று பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எங்கள் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தது தெருவிளக்கு. ஊராட்சியில் மொத்தம் எத்தனை விளக்கு, எந்தெந்தத் தெருவில், போன நிதியாண்டில் பல்பு மாற்ற எவ்வளவு செலவு? கேள்விகளை அவர்கள் எழுதினார்கள். விண்ணப்பம் என் பெயரில் போனது, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் சைக்கிளில் சுற்றி ஒவ்வொரு கம்பத்தையும் எண்ணி வைத்தார்கள். முப்பது நாள் முடிகிற சமயத்தில் பதில் வந்தது. அதில் இருக்கிற எண்ணிக்கை பிள்ளைகள் எண்ணியதைவிடக் கூடுதல். செலவுக் கேள்விக்கு ‘பதிவேடுகளை நேரில் பார்வையிடலாம்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

இதில் வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. இல்லாத கம்பத்துக்குப் பல்பு போட்டிருக்கிறார்கள், போட்டோ எடுத்து ரீல் போட்டால் ஊரே பார்க்கும் என்பது ஒரு கட்சி. ஏரிக்கரையில் புதிதாக வந்த வீடுகளின் பக்கம் நாம் எண்ணவே இல்லை, மறுபடி எண்ணாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது இன்னொரு கட்சி. ரீல் கட்சியில் ஆள் அதிகம். முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் இருக்கிறது என்று நான் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். இந்தச் சனிக்கிழமை ஏரிக்கரைக் கம்பங்களை எண்ணுவது, திங்கட்கிழமை பதிவேட்டைப் பார்க்க நானும் இரண்டு பெற்றோரும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போவது, அதற்குப் பிறகும் கணக்கு இடித்தால் மேல்முறையீடு என்று முடிவாகியிருக்கிறது. மனுவின் வாசகத்தை ரீல் கட்சிக்காரப் பையனே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.